மேலூரிலிருந்து கீழூருக்கு மூன்றரை மணி நேரம்

"எடுத்துருங்க" என்று நான் தொலைபேசியில் சொன்ன ஒரு சொல்லால், ஒரு மகன் தன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போயிற்று. சொல்லும்போதே அது பொய்க் கணக்கு என்று எனக்குத் தெரியும். தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் வீட்டிலும் நண்பர்களிடமும் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையை அந்த வசதி இல்லாமல் எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது என் பழைய துபாய் அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அழைப்பு. அங்கே இப்போது பயணப் பிரிவைப் பார்க்கும் பெண் பேசினாள். "சார், எந்த ரெண்டு ஏர்போர்ட் பேரை அடிச்சாலும் தூரமும் நேரமும் போன்லயே வந்துருது. உங்க காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"டேப் வச்சு அளந்தோம்மா" என்றேன்.

நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள். உண்மையில் டேப் வைத்துத்தான் அளந்தோம். அதுவும் தையற்காரர் டேப்.

நான் புவியியலில் எம்.ஏ. படித்தவன். பருவக்காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒரு டுடோரியல் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு, நாற்பதைத் தாண்டிய வயதில் நானே துபாய்ப் பக்கம் திரும்பினேன். துபாயின் சத்வா பகுதியில், தையற்கடை வரிசை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை கட்டும் இடங்களுக்கு வெல்டர்களையும் சாரம் கட்டுகிறவர்களையும் அனுப்புவது தொழில். ஆட்கள் கத்தாரில், முதலாளி அபுதாபியில், நாங்கள் சத்வாவில் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததால் கம்பெனி சுமுகமாக நடந்தது.

என்னை நேர்காணல் செய்தவர் மேலாளர் வைத்தியலிங்கம் சார்.

"என்ன படிச்சிருக்கே?"

"எம்.ஏ. ஜியாக்ரபி சார்."

"அது பரவாயில்ல. டைப்பிங் வருமா?"

வரும் என்றேன். வேலை கிடைத்தது.

வைத்தியலிங்கம் சார் இந்திய ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேதான் அவரை விட்டதே தவிர, அவர் ரயில்வேயை விடவில்லை. காலையில் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "ரைட் டைம்" என்பார். அதன் பிறகுதான் உட்காருவார். நாங்கள் தாமதமாக வந்தால் திட்டமாட்டார். "லேட் ரன்னிங்" என்று மட்டும் சொல்லி, எந்த இடத்தில் நேரம் போனது என்று கேட்பார். கிரீக் என்கிற உப்பங்கழியைத் தாண்டி வருகிறவர்களுக்குச் சலுகை உண்டு; அங்கே பாலத்தில் சிக்னல் கிடைக்காது என்பதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். விடுப்பு விண்ணப்பத்தைக் கையில் வாங்கினால் பிளாட்பாரம் டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கெட்டவர் இல்லை. சுவரில் இருப்பதை மட்டும் நம்புகிறவர்.

அவர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சுவரை ஓர் உலக வரைபடம் நிறைத்திருந்தது. அர்பாப் கொடுத்தது. முதலாளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதைச் சார் ஒவ்வொரு வாரமும் தம் கையாலேயே துடைப்பார். ஆபீஸ் பையன் துடைத்தால் கிரீன்லாந்து தேய்ந்துவிடும் என்பார். அந்த வரைபடத்தில் கிரீன்லாந்து தேய்ந்தாலும் கேடில்லை. ஆப்பிரிக்கா அளவுக்கு ஊதிப்போய் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எல்லாக் கம்பெனிகளுக்கும் எல்லா ஊர்களிலும் வேலை கிடைத்தது. எங்களுக்கு ரஷ்யாவின் வடகோடியில், பனிக்காட்டில் ஒரு குழாய்ப் பணி கிடைத்தது. ராஸ் லஃபான் வெயிலில் வெந்துகொண்டிருந்த நம் ஆட்களில் ஒரு கூட்டத்தைப் பொறுக்கி அங்கே அனுப்பினோம். அங்கே இரண்டு விமான நிலையங்கள். இரண்டின் பெயரும் எவர் வாயிலும் நுழையவில்லை. ஃபோர்மேன் சேவியர், தூத்துக்குடிக்காரர், வரைபடத்தில் சற்று மேலே இருந்ததை மேலூர் என்றும் கீழே இருந்ததைக் கீழூர் என்றும் பெயர் வைத்தார். சைட் மேலூரில். ஊருக்கு வர வேண்டுமானால் மேலூரிலிருந்து சிறிய விமானத்தில் கீழூர் போக வேண்டும். கீழூரிலிருந்து வாரம் ஒரு நாள், வியாழன் நண்பகலில், மாஸ்கோவுக்குச் சார்ட்டர் என்கிற வாடகை விமானம் கிளம்பும். அதை விட்டால் அடுத்த வியாழன்.

ஆகவே மேலூரிலிருந்து கீழூருக்கு எவ்வளவு நேரம் என்பது கம்பெனிக்குத் தெரிந்தாக வேண்டும். உள்ளூர் விமான அட்டவணை ரஷ்ய மொழியில் வந்திருந்தது. சார் அதை மரியாதையாகக் கோப்பில் வைத்தார். இன்டர்நெட் இருந்தது, அது விசா டைப்பிங்குக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. "சுவர்ல மேப் இருக்கும்போது வெளியில எதுக்குய்யா கேக்கணும்?" என்றார்.

கீழ்க்கடைக் காதர் பாயிடம் டேப் வாங்கி வர என்னை அனுப்பினார். காதர் பாய் கடலோர ஊர்க்காரர், வாயில் குண்டூசியோடு பேசுகிறவர்.

"யாருக்கு அளவு?"

"பூமிக்கு."

"சட்டையா, பேண்டா?" என்று கேட்டார். "பேண்டுன்னா இடுப்புல கொஞ்சம் லூஸ் விட்டு எடுங்க. சாப்புட்டு ஊதும்."

சார் நாற்காலி மேல் ஏறினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மேலூரில் ஒரு குண்டூசி, கீழூரில் ஒரு குண்டூசி. டேப்பை இரண்டுக்கும் நடுவே இழுத்து, அங்கேயே நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இறங்கி, வரைபடத்தின் அடியில் இருந்த அளவுகோலோடு வைத்துப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வந்தது. விமானத்தின் வேகத்தால் வகுத்தார். ரயில்வே வழக்கப்படி, தாமதத்தை ஈடுகட்டக் கொஞ்சம் 'ரெக்கவரி டைம்' சேர்த்தார். "மூன்றரை மணி நேரம். எழுது" என்றார்.

நான் எழுதவில்லை. அன்றைக்கு என்னுள் இன்னும் கொஞ்சம் எம்.ஏ. மிச்சம் இருந்தது.

"சார், உருண்டையைத் தட்டையா விரிச்சா வடக்கே போகப் போக இழுபடும். அடியில இருக்கிற ஸ்கேல் பூமத்திய ரேகைப் பக்கத்துக்குத்தான் பொருந்தும். இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல அறுநூறு கிலோமீட்டர் இருந்தா அதிகம்."

விளங்க வைக்க என் மதிய உணவிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முழுத் தோலாக அழகாக உரித்தார். மேசையில் விரித்து, ஓரங்கள் கிழிந்ததைப் பார்த்தார். பிறகு சுளைகளைத் தின்றார்.

"பூமி உருண்டைதான், ஒத்துக்கறேன்" என்றார். "அதுக்காக ஆபீஸ் சுவரை உருண்டையாக் கட்ட முடியுமா? இது அர்பாப் குடுத்த மேப்பு."

மூன்றரை மணி நேரம் என்று டைப் செய்தேன். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அட்டவணை அழகாக வந்ததில் சாருக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. என்னை 'ரூட் பிளானிங் ஆபீசர்' ஆக்க முடிவு செய்தார். சம்பளத்தில் மாற்றமில்லை. ஆனால் விசாவில் ஆபீசர் என்று இருந்தால் மனைவி, பிள்ளையைக் கூட்டிவரலாம். கிளார்க் என்று இருந்தால் போட்டோவைப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளோடு நான் சேர்ந்தாற்போல் இருந்ததெல்லாம் விடுப்பு நாட்கள்தான். விமான நிலையத்தில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லுவாள்.

ஆபீசர் பதவிக் கடிதம் சாரின் கையெழுத்துக்காக மேசையில் இருந்த நாளில்தான் சேவியரின் அழைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நம்ம வெல்டர் செல்லத்துரையோட அப்பா தவறிட்டாரு. முதுகுளத்தூர்ப் பக்கம். ஒத்த மகன் சார் இவன். வியாழக்கிழமை காலையில ஒம்பது மணிப் பிளைட்ல ஏத்திவிட்டா, கீழூர்ல பன்னெண்டு மணிச் சார்ட்டரைப் பிடிச்சிருவான். வெள்ளிக்கிழமை துபாய், சனிக்கிழமை விடியறதுக்குள்ள வீடு. நீங்க ஓகே மட்டும் போட்டுருங்க."

சார் திரும்பி, சுவரைப் பார்த்தார். "சேவியர், மேலூர்-கீழூர் ரன்னிங் டைம் மூன்றரை. ஒம்பதுக்குக் கிளம்பினா பன்னெண்டரை. கனெக்‌ஷன் கிடையாது."

"மூன்றரையா? நான் போன மாசம் போயிட்டு வந்தேன் சார். ஒன்னேகால் மணி நேரம்தான். டீயக் குடுத்துக் கப்பத் திருப்பி வாங்கதுக்குள்ள எறங்கிட்டான்."

"அன்னைக்குக் காத்து தள்ளியிருக்கும்."

"வரும்போதும் அதே நேரம்தான் சார் ஆச்சு."

"வரும்போது காத்தும் திரும்பியிருக்கும்."

சேவியர் குரலைத் தாழ்த்தி, "சார், அவன் இங்கன என் பக்கத்துலதான் நிக்கான்" என்றார்.

வைத்தியலிங்கம் சார் அப்போது தடுமாறினார். இதை நான் சொல்லியாக வேண்டும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் படிப்பைப் பற்றி அவராகக் கேட்டது வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு அன்றுதான்.

"நடராஜன், நீ ஜியாக்ரபி படிச்சவன். சொல்லு. மேப் தப்பா?"

அவர் முழங்கைக்கு அடியில் என் பதவிக் கடிதம் இருந்தது. பேனா மூடி திறந்திருந்தது. மேப் தப்பு என்றால் அட்டவணை தப்பு. அட்டவணை தப்பு என்றால் ரூட் பிளானிங் ஆபீசர் எதற்கு?

"மேப் சரிதான் சார்" என்றேன்.

"கேட்டியா சேவியர்? படிச்சவர் சொல்றார்."

இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். திசை பார்க்கிறவனுக்கு அது சரியான வரைபடம். தூரம் பார்க்கிறவனுக்குத்தான் பொய். சார் தூரம் என்று குறிப்பிட்டுக் கேட்கவில்லை. சில நாள் இந்தச் சமாதானம் எனக்கு நன்றாக உழைத்தது.

கடிதத்தில் கையெழுத்தாகிவிட்டது. சார் தொழுகைக்கு நேரமான டிரைவரை விட்டுவிட்டுத் தாமே கார் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். அப்போது ஊரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எடுத்தது நான். பேசியவர் செல்லத்துரையின் அக்கா புருஷன் முனியசாமி.

"சார், ஐஸ் பெட்டி கொண்டாந்து வச்சிருக்கோம். சனிக்கிழமை வரைக்கும் தாங்கும்ங்கிறாக. மச்சான் எப்ப வந்து சேருவான்?"

நான் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன்.

"ஊரே வாசல்ல உக்காந்திருக்கு சார். வைக்கவா, எடுக்கவா? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"எடுத்துருங்க."

"வேற வழியே இல்லியா?"

"பிளைட் கனெக்‌ஷன் இல்லைங்க."

"சரிங்க சார். பிஸியான நேரத்துல எடுத்துப் பேசினீக, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை காலை, அலுவலகப் படிகளில் இரண்டு பேர் மூச்சு வாங்க ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். உள்ளே பழுதான வால்வு ஒன்று இருந்தது. மேலூர் சைட்டிலிருந்து ரிப்பேருக்கு வந்திருந்தது. நான் சேவியரை அழைத்தேன்.

"இது எந்தப் பிளைட்ல வந்துச்சு?"

"வியாழக்கிழமைப் பிளைட்ல சார். அதே ஒம்பது மணிப் பிளைட்டு. கீழூருக்குப் பத்தேகாலுக்குப் போயி, சார்ட்டர் வர்ற வரைக்கும் சும்மா கெடந்துச்சாம்" என்றார். "வால்வுக்கு ஆபீஸ் அப்ரூவல் தேவையில்ல பாருங்க."

"பிளைட்ல சீட் இருந்துச்சா?"

"பாதிப் பிளைட்டு காலி. பெட்டிய உள்ள ஏத்துனது யாருன்னு நெனைக்கீக? செல்லத்துரைதான். டூட்டி அவனுக்கு. ஏத்திவிட்டுட்டு, கதவு மூடுற வரைக்கும் அங்கனயே நின்னான்."

வைத்தியலிங்கம் சாரிடம் பெட்டியைக் காட்டினேன். அதைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனால் முப்பது வருட ரயில்வே அவரைக் கைவிடவில்லை.

"இது லக்கேஜ்" என்றார். "லக்கேஜுக்கு ரன்னிங் டைம் வேற."

அடுத்த நாள் ஒரு சின்ன உலக உருண்டை வாங்கி வந்து, அதே டேப்பால் அளந்து காட்டினேன். அதன் அடியில் பென்சில் சீவும் ஓட்டை இருந்ததால், அது அலுவலகக் கருவியாக ஏற்கப்படவில்லை. மாத முடிவில் அர்பாப் வந்தார். காபி குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். இறந்தவரைப் பற்றிச் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யே மேப்? யே தோ டயர்வாலா ஃப்ரீ மே தியா" என்றார்.

டயர் வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த வரைபடம் அது. காரில் இடம் அடைக்கிறதே என்று எங்கள் அலுவலகத்தில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கழற்றச் சொல்லிவிட்டு, இறந்தவரின் பெயரைக் கேட்டு, அரபியில் அவருக்காக ஏதோ சொன்னார். அவர் போனதும் வைத்தியலிங்கம் சார் தம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னையிலேருந்து பூமி உருண்டை. சர்க்குலர் அடி" என்றார்.

அடித்தேன். அட்டவணை ஒழிந்ததால் ரூட் பிளானிங் ஆபீசர் பதவியும் ஒழிந்தது. ஆனால் அதற்குள் என் குடும்பத்துக்கு விசா அடித்தாகிவிட்டது. அடித்ததை யாரும் திரும்பப் பார்க்கவில்லை. மகள் வந்தாள். கொஞ்ச நாளில் வணக்கம் சொல்வதை நிறுத்தினாள். அப்புறம் தமிழையும் பாதி நிறுத்தினாள். பள்ளியில் உலக வரைபடம் வரையச் சொன்னார்கள் என்று ஒருநாள் கேட்டு வந்தாள். தலை வலிக்கிறது என்று அம்மாவிடம் அனுப்பினேன்.

அடுத்த விடுப்பில் முதுகுளத்தூர்ப் பக்கம் போனேன். செல்லத்துரை ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி, சாலையோரம் வெல்டிங் பட்டறை போட்டிருந்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான் சொன்னதையெல்லாம் கேட்டான்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? ஒன்னேகால் மணி நேரம்னு எனக்குத் தெரியாதா? ஊருக்குச் சொல்லுங்க. சம்பாத்தியம் பெருசுன்னு அப்பனை விட்டவன்னுதான் இங்க பேரு. மச்சான் வீட்டு விசேஷத்துல எனக்குப் பின்வரிசைதான்."

டீக்கடைக்குக் கூட்டிப்போனான். முனியசாமி உட்பட ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தட்டையான வரைபடம் ஏன் வடக்கே பொய் சொல்லும் என்று ஆரம்பித்தேன். டுடோரியலில் கூட அவ்வளவு நன்றாக நடத்தியதில்லை. பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அவன் வந்திருக்க முடியும்னு தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னியா?"

"ஆமாங்க."

"எவ்வளவு படிச்சிருக்கே?"

"எம்.ஏ."

"ம்" என்றார். டீயை முடித்தார்.

முனியசாமி மட்டும் எழுந்து வந்தார். "நான் நன்றி சொன்னேனே சார் ஒங்களுக்கு" என்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் செல்லத்துரையின் பக்கம் திரும்பி, "ஏன்டா, நீ இத ஒரு தடவகூடச் சொல்லல?" என்றார்.

"சொன்னா நம்பியிருப்பியா மச்சான்? ஆபீஸ்ல பிளைட் இல்லன்னு சொன்னதையே, நான் சொல்லவச்ச சாக்குன்னீங்க எல்லாரும்."

அன்றிலிருந்து அந்த ஊர் செல்லத்துரையைத் திட்டுவதை விட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தது. பரிகாரம் என்று நான் செய்ததில் பலித்தது அது ஒன்றுதான். பஸ் ஏற்ற வந்தபோது செல்லத்துரை, "திதிக்கு வாங்க சார்" என்றான். துபாயிலிருந்து எப்படி வருவது என்று தயங்கினேன். "எவ்வளவு நேரம் சார் பிளைட்டு?" என்று கேட்டான். "நாலு மணி நேரம்" என்றேன். நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினேன். அந்த வருடமும் அடுத்த வருடமும் போகவில்லை. லீவ் கிடைக்கவில்லை என்று சொன்னேன். லீவ் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

ஓய்வு பெற்றுத் திருச்சிக்கு வந்த பிறகுதான் போனேன். பரமக்குடி தாண்டியதும் பஸ் ஒரு ரயில்வே கேட்டில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வைத்தியலிங்கம் சார் இருந்திருந்தால் இதற்கும் ரெக்கவரி டைம் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முனியசாமியிடமிருந்து போன் வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"சார், படையல் போட்டாச்சு. மச்சான் கும்பிட்டு முடிச்சிட்டான். பிள்ளைகளெல்லாம் பசியில நிக்கிது. நீங்க வர எவ்வளவு நேரமாகும்? கணக்கெல்லாம் வேணாம், உள்ளதச் சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரி இலையை எடுக்கிறதா வைக்கிறதான்னு பாப்போம்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பொட்டல் வெளி. எந்த ஊர் என்றே எனக்குத் தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், கண்டக்டரைக் கேட்டுச் சொன்னேன்.